கானோவிலிருந்து சுகபூமி வரை: ஒரு வதந்தி கடந்த தூரம்



ஹஜ்ஜுக்குப் புறப்படும் ஹாஜிகளுக்காக நம் ஊர்களில் நடைபெறும் மருத்துவ முகாம்களில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுவதுண்டு. மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைப் போட்ட பிறகு, செவிலியர் ஒரு சிறு குப்பியை எடுத்து வாயைத் திறக்கச் சொல்வார். அறுபது வயதைக் கடந்த பெரியவர்கள் வியப்புடன் கேட்பார்கள்: "பச்சைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் போலியோ சொட்டு மருந்து எங்களுக்கு எதற்கம்மா?"

நியாயமான கேள்விதான். போலியோ என்னும் இளம்பிள்ளை வாதம் பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையே முடக்குகிறது. ஆனால் அந்த வைரஸ் எந்த வயதினரின் குடலிலும் சில வாரங்கள் தங்கக்கூடும். சுமப்பவருக்குக் காய்ச்சலோ வலியோ இராது. அவர் நலமாகப் புறப்பட்டு நலமாகத் திரும்புவார். வைரஸும் அவருடன் பயணம் செய்திருக்கும். ஹாஜிகளின் வாயில் விழும் அந்த இரண்டு சொட்டுகளுக்குப் பின்னால் ஏறத்தாழ இருபது நாடுகளைத் தொட்ட ஒரு வரலாறு இருக்கிறது. அது நைஜீரியாவின் வடபகுதியிலுள்ள கானோ நகரில் 2003ஆம் ஆண்டு தொடங்கியது. முஸ்லிம் சமுதாயத்தின் அண்மைக்கால வரலாற்றில் நாம் மறக்காமல் படிக்கவேண்டிய பக்கங்களுள் அதுவும் ஒன்று.

ஒழியும் தறுவாயில் இருந்த நோய்

1988ஆம் ஆண்டு உலக சுகாதாரப் பேரவை போலியோவை உலகிலிருந்தே ஒழிப்பது என்று தீர்மானித்தது. அப்போது 125க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,50,000 குழந்தைகள் அந்நோயால் முடமாகிக்கொண்டிருந்தனர். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே வந்தது. 2003ஆம் ஆண்டின் இறுதியில் போலியோ வேரூன்றியிருந்த நாடுகள் ஆறு மட்டுமே: இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், எகிப்து, நைஜர், நைஜீரியா. இந்த ஆறில் எதுவும் முஸ்லிம்கள் குறைவாக வாழும் நாடு அன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

போலியோ வைரஸ் மலத்தின் வழியாக வெளியேறி, அசுத்தமான நீர், உணவு, கைகள் வழியாக அடுத்த குழந்தையின் வாயை அடைகிறது. தொற்றுக்குள்ளாகும் இருநூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் வாதம் வருகிறது. ஏனையோர் அறியாமலே அதைப் பரப்புகின்றனர். ஆகவே ஓர் ஊரில் ஒரு குழந்தையின் கால் தளர்ந்துவிட்டது என்றால், அதற்கு முன்பே அங்கே நூற்றுக்கணக்கானோரிடம் வைரஸ் சுற்றி வந்துவிட்டது என்று பொருள். இந்த நோய்க்கு மருந்தில்லை. தளர்ந்த கால் திரும்புவதில்லை. தடுப்பு மருந்து ஒன்றே வழி.

கானோவின் ஐயம்

கானோ பழம்பெரும் இஸ்லாமிய நகரம். சஹாராப் பாலைவனத்தைக் கடந்து வந்த ஒட்டக வணிகர் கூட்டங்கள் தங்கிச் சென்ற சந்தை நகரம் அது. ஹௌசா மொழி பேசும் அம்மக்கள் போலியோவை 'ஷன் இன்னா' என்று அழைத்தனர். 'இன்னா' என்னும் ஆவி பிள்ளையின் கைகால்களை உறிஞ்சிவிடுகிறது என்ற பழைய நம்பிக்கையிலிருந்து வந்த பெயர் அது. நோய் அவர்களுக்குப் புதிதன்று. புதிதாக வந்தது மருந்தைப் பற்றிய அச்சம்.

2003ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், நைஜீரிய ஷரீஅத் உச்ச மன்றத்தின் தலைவராக இருந்த மருத்துவர் தத்தி அஹ்மத், சொட்டு மருந்தில் கருவளத்தைக் குலைக்கும் பொருள் கலக்கப்பட்டிருப்பதாகக் குற்றஞ்சாட்டினார். முஸ்லிம்களின் பிறப்பு விகிதத்தைக் குறைக்க மேற்குலகம் செய்யும் சூழ்ச்சி இது என்ற பேச்சு பள்ளிவாசல்களிலும் சந்தைகளிலும் வானொலியிலும் பரவியது. வடக்கிலுள்ள சில மாநிலங்கள் சொட்டு மருந்து வழங்குவதை நிறுத்தின. ஏனையவை சில மாதங்களில் மீண்டும் தொடங்கிவிட்டன. ஆளுநர் இப்ராஹீம் ஷெகராவ் தலைமையிலான கானோ மாநிலம் மட்டும் ஏறத்தாழ பதினொரு மாதங்கள் உறுதியாக மறுத்தது.

இதைப் படித்தவுடன், படிப்பறிவில்லாத மக்களின் மூடத்தனம் என்று தீர்ப்பெழுதிவிடுவது எளிது. ஐயத்தை எழுப்பியவரோ ஒரு மருத்துவர். அந்த ஐயத்துக்கு வேர்களும் இருந்தன.

1996ஆம் ஆண்டு வட நைஜீரியாவில் மூளைக்காய்ச்சல் பெரும் கொள்ளைநோயாகப் பரவியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பல்லாயிரம் உயிர்கள் பிரிந்தன. அந்த அவலத்தின் நடுவே, கானோவின் தொற்றுநோய் மருத்துவமனைக்கு அமெரிக்க மருந்து நிறுவனமான ஃபைசரின் குழு ஒன்று வந்தது. 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு அதே மருத்துவமனையில் வழக்கமான மருந்துகளால் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தபோது, அக்குழு 'ட்ரோவான்' என்ற புதிய மருந்தின் ஆய்வை 200 குழந்தைகளிடம் நடத்தியது. பாதிப் பேருக்குப் புதிய மருந்து; பாதிப் பேருக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மருந்து. அவர்களில் 11 குழந்தைகள் இறந்தனர். தங்கள் பிள்ளை ஓர் ஆய்வுக்கு உட்படுத்தப்படுகிறது என்பதே தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று பெற்றோர் முறையிட்டனர். இறப்புகளுக்குக் காரணம் நோயே, உரிய ஒப்புதல் பெறப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். 2000ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நாளிதழ் ஒன்று இச்செய்தியை வெளியிட்டது. வழக்குகள் நீண்டன. 2009ஆம் ஆண்டு கானோ மாநிலத்துடன் 7.5 கோடி டாலர் அளவில் சமரசம் ஏற்பட்டது.

ஆகவே 2003இல் கானோவின் ஒரு தகப்பனார், "முன்பும் வெள்ளையர் மருந்துடன் வந்தார்கள்" என்று சொன்னால், அது கற்பனையாக இருக்கவில்லை. அதற்கு மேல் வேறொரு கேள்வியும் அவர்களிடம் இருந்தது. தட்டம்மையாலும் மலேரியாவாலும் பிள்ளைகள் மடிகின்றனர். அரசு மருந்தகத்தில் காய்ச்சல் மருந்துகூடக் கிடைப்பதில்லை. அவ்வாறிருக்க, இந்த ஒரு மருந்தை மட்டும் வீடு தேடி வந்து, கேட்காமலே, இலவசமாகக் கொடுப்பது ஏன்? ஒரு பெண்ணுக்கு நான்கு பிள்ளைகள் போதும் என்று 1988இல் அரசு வகுத்த மக்கள்தொகைக் கொள்கையும் அவர்கள் நினைவில் இருந்தது. அதே ஆண்டில் ஈராக் மீது தொடுக்கப்பட்ட போரும் சேர்ந்துகொண்டது. இந்தக் கேள்விகளுக்கு எவரும் அமர்ந்து பொறுமையாக விடை சொல்லவில்லை. விடையில்லாத இடத்தில் வதந்தி குடியேறியது.

பதினொரு மாதங்களில் நடந்தது

மருந்து சோதிக்கப்பட வேண்டும் என்று கானோ கேட்டது. அந்தக் கோரிக்கையில் தவறில்லை. மாதிரிகள் நாட்டுக்கு உள்ளும் வெளியும் பல ஆய்வகங்களுக்குச் சென்றன. ஒரு சோதனையில் ஹார்மோனின் நுண்ணிய தடயம் காணப்பட்டதாகச் சொல்லப்பட்டது. ஏனைய சோதனைகள் மருந்து பாதுகாப்பானது என்றன. குழுக்கள் அமைக்கப்பட்டன, கலைக்கப்பட்டன, மீண்டும் அமைக்கப்பட்டன. அதே 2003 அக்டோபரில் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய இஸ்லாமிய நாடுகளின் உச்சி மாநாடு, போலியோவை ஒழிக்க உறுப்பு நாடுகள் முழுமூச்சாக உழைக்க வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் கானோவின் வீட்டு வாசல்களில் விவாதம் முடியவில்லை.

விவாதம் முடியட்டும் என்று வைரஸ் காத்திருக்கவில்லை. நைஜீரியாவில் 2002ஆம் ஆண்டு 202 குழந்தைகள் போலியோவால் முடமாயினர். 2003இல் 355 பேர். 2004இல் 782 பேர். மருந்து மீண்டும் வழங்கப்பட்ட பிறகும், இழந்த நம்பிக்கை உடனே திரும்பாததால், 2006இல் அது 1,122 ஆனது. அந்த ஆண்டு உலகில் பதிவான போலியோ நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் நைஜீரியக் குழந்தைகளே.

வைரஸின் வழித்தடம்

அடுத்து நடந்தவற்றை உலகம் அறிந்தது ஆய்வகங்களின் வழியாக. பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் திடீரெனக் கைகால் தளர்ந்தால், பதினான்கு நாட்களுக்குள் இரண்டு மல மாதிரிகளை எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது உலகெங்கும் கடைப்பிடிக்கப்படும் விதி. அங்கே வைரஸின் மரபணுவில் ஏறத்தாழ 900 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியை வரிசைப்படுத்துவார்கள். வைரஸ் பரவப் பரவ அந்தப் பகுதி ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு என்ற அளவில் மாறுகிறது. எனவே இரு ஊர்களின் வைரஸை ஒப்பிட்டால், அவை உறவினவா, எத்தனை காலத்துக்கு முன் பிரிந்தன என்பது புலப்பட்டுவிடும். ஒருவரின் வம்சாவளியைத் தாத்தா, முப்பாட்டன் என்று பின்னோக்கிச் சொல்வதைப் போன்றது இது.

அந்த வம்சாவளி வட நைஜீரியாவைச் சுட்டிக்காட்டியது. பெனின், புர்கினா ஃபாசோ, கானா, டோகோ, சாட், கேமரூன் என அண்டை நாடுகளில் முதலில் குழந்தைகள் முடமாயினர். 2004இல் ஆப்பிரிக்காவின் தென்கோடிக்கு அருகிலுள்ள போட்ஸ்வானாவில் ஒரு குழந்தைக்கு வாதம் வந்தது. அந்நாடு பத்தாண்டுகளுக்கும் மேலாகப் போலியோவைக் கண்டிராத நாடு. அதே ஆண்டு மே மாதம், போரால் சிதைந்திருந்த சூடானின் தார்ஃபூர் பகுதியில் வைரஸ் தென்பட்டது. ஆண்டு முடிவதற்குள் சூடானில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் முடமாகிவிட்டனர். செங்கடல் கரையிலுள்ள போர்ட் சூடான் வரை நோய் வந்துவிட்டது.

இந்தத் திசை நமக்கு அறிமுகமானதுதான். மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாக ஹஜ்ஜுக்குச் சென்ற தரைவழி இதுவே. சாட் ஏரிப் பகுதியைக் கடந்து, தார்ஃபூர் வழியாக, நைல் நதியைத் தாண்டிச் செங்கடலை அடைந்து, அங்கிருந்து கப்பலேறி ஜித்தாவுக்குச் செல்வார்கள். வழியிலே பொருளீட்டிப் பயணத்தைத் தொடர்ந்தவர்களும், அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. சூடானிலும் ஹிஜாஸிலும் இன்றும் வாழும் ஹௌசாக் குடும்பங்கள் அந்தப் பயணங்களின் மிச்சம். மனிதர் நடந்த பாதையிலேயே நோயும் நடக்கும் என்பது தொற்றுநோய் வரலாறு நெடுகிலும் காணும் உண்மை.

2004ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில் இரண்டு குழந்தைகளிடம் அந்த வைரஸ் கண்டறியப்பட்டது. ஹஜ் காலத்துக்கு முன்னதாகச் சவூதி அரசு விழித்துக்கொண்டது. நோய் பரவிய நாடுகளிலிருந்து வருவோருக்குச் சொட்டு மருந்து கட்டாயமானது. முதலில் சிறுவர்களுக்கு என்றிருந்த விதி, பின்னர் எல்லா வயதினருக்குமாக விரிந்தது. நம் ஹாஜிகள் இன்று வாய் திறந்து வாங்கிக்கொள்ளும் சொட்டுகளின் பின்னணி இதுதான்.

2005இல் ஏமனில் தீ பற்றியதைப் போல் நோய் பரவியது. வழக்கமான தடுப்பு மருந்துகளே பல குழந்தைகளுக்குக் கிட்டாதிருந்த ஏழை நாடு அது. ஒரே ஆண்டில் 478 ஏமன் குழந்தைகள் முடமாயினர். சோமாலியாவுக்கும் அது சென்றது.

பாண்டுங்கும் சுகபூமியும்

கானோவில் தீர்வு எவ்வாறு வந்தது என்பதை இப்போது பார்ப்போம். மேற்கத்திய நாடுகளில் செய்த மருந்தை ஏற்கமாட்டோம். முஸ்லிம் நாடொன்றில் செய்த மருந்தானால் ஏற்போம் என்று ஒரு வழி பிறந்தது. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவா மாகாணத்திலுள்ள பாண்டுங் நகரில் பயோஃபார்மா என்ற அரசு நிறுவனம் சொட்டு மருந்து தயாரித்துவந்தது. அங்கிருந்து மருந்து வருவிக்கப்பட்டது. 2004 ஜூலை இறுதியில் கானோவில் சொட்டு மருந்து மீண்டும் தொடங்கியது. ஆளுநர் ஷெகராவ், மக்கள் காணத் தம் சொந்த மகளுக்கே மருந்து கொடுக்கச் செய்தார்.

அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. கானோவின் குழந்தைகளுக்குப் பாண்டுங்கிலிருந்து மருந்து வந்து எட்டே மாதங்களில், 2005 மார்ச்சில், அதே மேற்கு ஜாவா மாகாணத்தின் சுகபூமி மாவட்டத்தில் ஒரு குழந்தையின் கால்கள் தளர்ந்தன. பத்தாண்டுகளாகப் போலியோவைக் காணாத நாடு இந்தோனேசியா. மரபணுவை ஆராய்ந்தபோது அந்த வைரஸ் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சூடான் வழியாக வந்த கிளையைச் சேர்ந்தது என்பது தெரிந்தது. சுமந்து வந்தவர் உம்ராவோ ஹஜ்ஜோ முடித்துத் திரும்பியவரா, வளைகுடாவில் வேலை பார்த்து வந்தவரா என்பது கண்டறியப்படவில்லை. அவருக்கே அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் மீது குற்றமும் இல்லை.

அடங்குவதற்குள் இந்தோனேசியாவில் 300க்கும் மேற்பட்ட குழந்தைகள் முடமாயினர். கானோவின் அச்சத்தைத் தீர்க்க மருந்து அனுப்பிய மாகாணத்துக்கே கானோவின் வைரஸ் போய்ச் சேர்ந்தது. சுகபூமியின் அந்தத் தாய் ஷரீஅத் மன்றத்தின் குற்றச்சாட்டைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். கானோவில் மருந்தை மறுத்த தகப்பனாரும் ஜாவாத் தீவின் ஒரு குழந்தையை மனத்தில் வைத்து மறுக்கவில்லை. அவர் தம் பிள்ளையைக் காப்பதாகவே நம்பினார். அந்த முடிவின் விலையை முன்பின் அறியாத வேறொரு வீட்டுப் பிள்ளை செலுத்தியது.

இந்தோனேசிய உலமா மன்றம் அதே 2005இல் சொட்டு மருந்தைப் பயன்படுத்தலாம் என ஃபத்வா வழங்கியது. ஆகஸ்ட் இறுதியில் 2.4 கோடிக் குழந்தைகளை இலக்காகக் கொண்டு நாடு முழுவதும் மருந்து வழங்கினர். அடுத்த ஆண்டே அந்த வைரஸ் அங்கு ஓய்ந்தது.

மறைக்காமல் சொல்லவேண்டிய ஓர் உண்மையும் உண்டு. சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரஸ். போதிய குழந்தைகள் மருந்து பெறாத இடங்களில், அது பலரிடம் தொடர்ந்து பரவி, அரிதாக மாற்றமடைந்து மீண்டும் வாதம் உண்டாக்கும் வலுவைப் பெற்றுவிடுவதுண்டு. 2005இல் இந்தோனேசியாவின் மதுரா தீவில் அவ்வாறு நிகழ்ந்தது. வட நைஜீரியாவிலும் நிகழ்ந்தது. மருந்தை மறுப்போர் இதைச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அது தலையெடுப்பது போதிய குழந்தைகளுக்கு மருந்து சேராத ஊர்களில்தான். ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்ற ஊரில் பரவுவதற்கு அதற்கு இடமிருக்காது. இத்தகைய உண்மைகளை மக்களிடம் முன்கூட்டியே விளக்கிச் சொல்வதுதான் நேர்மை. மறைத்து வைத்த உண்மை பின்னொரு நாளில் வதந்தியாக உருமாறித் திரும்பி வரும்.

நம்பிக்கை திரும்பிய விதம்

நைஜீரியா மீண்ட கதை பதினைந்து ஆண்டு உழைப்பின் கதை. சோகோட்டோ சுல்தானும் கானோவின் அமீர் உள்ளிட்ட மரபுத் தலைவர்களும் முன்வந்தனர். 2009இல் வடபகுதியின் மரபுத் தலைவர்கள் இதற்கெனக் குழு அமைத்தனர். மருந்தை மறுத்த வீட்டுக்கு அதிகாரியோ காவலரோ செல்லாமல், அம்மஹல்லாவின் இமாமும் ஊர்ப் பெரியவரும் சென்றனர். குர்ஆன் பள்ளிகளின் ஆசிரியர்கள் மாணவர்களின் பெற்றோரிடம் பேசினர். போலியோவால் கால் இழந்தவர்களே சக்கர வண்டிகளில் வீதிவீதியாகச் சென்று, "எங்களைப் பாருங்கள், உங்கள் பிள்ளைக்கு இது வேண்டாம்" என்றனர்.

எல்லாவற்றிலும் பெரும்பங்கு பெண்களுடையது. அந்நிய ஆண்கள் நுழைய இயலாத வீடுகளின் உள்ளே அதே தெருவின் பெண்கள் சென்றனர். எந்த வீட்டில் கருவுற்றிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஏழாம் நாள் பெயர் சூட்டும் விருந்துக்கு அவர்களும் அழைக்கப்படுவார்கள். அங்கேயே பச்சிளங் குழந்தைக்கு முதல் சொட்டைக் கொடுத்துவிடுவார்கள். காய்ச்சலுக்கும் மலேரியாவுக்கும் மருந்து தரும் முகாம்களும் உடன் நடத்தப்பட்டன. "இந்த ஒரு மருந்து மட்டும் ஏன்?" என்ற பழைய கேள்விக்குத் தாமதமாகவேனும் விடை கிடைத்தது.

விலையின்றி அது நடக்கவில்லை. 2013 பிப்ரவரியில் கானோவின் இரு சுகாதார நிலையங்களில் ஆயுதம் ஏந்தியோர் சுட்டதில் சொட்டு மருந்து வழங்கச் சென்ற ஒன்பது பெண்கள் கொல்லப்பட்டனர். பிறர் வீட்டுப் பிள்ளைகள் நடக்கவேண்டும் என்பதற்காகக் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் அவர்கள். அல்லாஹ் அவர்களின் உழைப்பை ஏற்றுக்கொள்வானாக.

2014 ஜூலைக்குப் பிறகு நோய் தென்படவில்லை. ஒழிந்துவிட்டது என்று நினைத்தார்கள். 2016 ஆகஸ்டில் வடகிழக்கிலுள்ள போர்னோ மாநிலத்தில் மீண்டும் குழந்தைகள் முடமாயினர். மரபணுவைப் பார்த்தபோது, அது 2011இல் கடைசியாகக் காணப்பட்ட கிளை என்பது தெரிந்தது. ஆயுதக் குழுவின் பிடியில், மருந்தோ மருத்துவரோ நுழைய முடியாத ஊர்களில், ஐந்தாண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் அது உலவியிருக்கிறது. மீண்டும் உழைத்தார்கள். 2016ஆம் ஆண்டின் அந்த நான்கு குழந்தைகளே ஆப்பிரிக்காவில் அந்தக் காட்டு வகை வைரஸால் முடமான கடைசி நைஜீரியக் குழந்தைகள். 2020 ஆகஸ்ட் 25 அன்று, ஆப்பிரிக்கப் பகுதி இயற்கையான போலியோ வைரஸிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

நமக்கான பாடம்

இது தொலைதூரத்துக் கதை என்று நாம் ஒதுங்க முடியாது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் இதே வதந்தி இதே சொற்களில் உலவியது. அங்கே முடமான குழந்தைகளில் முஸ்லிம் பிள்ளைகளின் பங்கு, மக்கள்தொகையில் நம் பங்கை வெகுவாக மிஞ்சியிருந்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா போன்ற நிறுவனங்களும், உள்ளூர் இமாம்களும், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளும் இறங்கிய பிறகே நிலைமை மாறியது. 2009இல் 741 போலியோ நோயாளிகளைக் கண்ட இந்தியா, 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு குழந்தையோடு அந்த வரலாற்றை முடித்துக்கொண்டது. 2014 மார்ச்சில் போலியோ அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய செய்திகளை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். ஆதாரமற்ற குரல் பதிவுகளைக் கேட்டுப் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினர். அவற்றை அடுத்த குழுவுக்கு அனுப்பிய விரல்களில் நம் விரல்களும் இருந்தனவா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு ஷாமில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்தில் நின்று செய்ததை நாம் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அன்ஸார்களை அழைத்துக் கேட்டார்கள். குறைஷிப் பெரியவர்களையும் கேட்டார்கள். பிறகு முடிவெடுத்தார்கள். அந்த முடிவுக்குச் சான்றான நபிமொழியை அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து சொன்னபோது அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள். தவக்குல் என்பது விசாரிக்காமல் இருப்பதன்று என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டுமா? வந்த செய்தியைத் தீர விசாரிக்காமல் செயல்பட்டு, அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட வேண்டாம் என்றல்லவா நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது?

கானோ மக்கள் ஐயம் கொண்டதை நாம் பழிக்கவில்லை. ஐயத்துக்கு அவர்களிடம் காரணம் இருந்தது. மருந்தைச் சோதியுங்கள் என்று கேட்டதும் அவர்கள் உரிமை. பிழை, விடை கிடைத்த பிறகும் ஐயத்தைப் பிடித்துக்கொண்டு மாதங்களைக் கடத்தியதில் இருந்தது. அதே அளவு பிழை, முதல் நாளே அவர்களிடம் வந்தமர்ந்து விடை சொல்லாதவர்களிடமும் இருந்தது.

ஆகவே நம் ஜமாஅத்துகள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒவ்வொரு மஹல்லாவிலும் மருத்துவர்களும் செவிலியர்களும் இருக்கிறார்கள். தடுப்பு மருந்தைப் பற்றி ஒரு செய்தி வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்புமுன் அவர்களிடம் கேட்போம். பள்ளிவாசலில் அவர்களை அமரவைத்து, பெண்களும் கேட்க வசதி செய்து, பெற்றோரின் கேள்விகள் எவ்வளவு எளியவையாக இருந்தாலும் ஏளனமின்றிப் பதில் சொல்லச் செய்வோம். நம் பிள்ளையின் உடல்நலம் நம் பிள்ளையோடு முடிந்துவிடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையும், நாம் காணப்போகாத ஒரு நாட்டின் பிள்ளையும் அதில் பங்குடையவர்கள். அது நம் கையில் தரப்பட்ட அமானத்.

அடுத்த ஆண்டு ஹஜ் முகாமில் ஒரு பெரியவர் "இது எனக்கு எதற்கம்மா?" என்று கேட்டால், அருகில் இருப்பவர்கள் சுகபூமியின் அந்தக் குழந்தையைப் பற்றி அவருக்குச் சொல்லுங்கள். அவர் மறுக்கமாட்டார், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளையும் உலகத்துப் பிள்ளைகள் அனைவரையும் நோயிலிருந்தும், ஆராயாமல் பரப்பும் எங்கள் சொற்களின் தீங்கிலிருந்தும் காப்பாயாக. ஆமீன்.